சிவப்பு தெரியவில்லை என்றால் கிருமி இல்லை என்று பொருளல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆறாத புண்களில் ஒளிந்திருக்கும் கிருமிகளை ஊதா ஒளி பாய்ச்சிப் படமெடுத்துக் கண்டறியும் முறை பற்றி உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். பலருக்கும் தெரியாத ஒரு முறையை எளிய தமிழில் எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால் அதைப் படித்து முடிப்பவர் மனதில் மூன்று செய்திகள் தங்கும். படத்தில் சிவப்பு தெரிந்தால் அங்கே கிருமி இருக்கிறது. சிவப்பு தெரியாவிட்டால் கிருமி இல்லை. சிவப்பு தெரிந்தால் ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும். இவற்றில் முதலாவது பெரும்பாலும் சரி. மற்ற இரண்டும் தவறு. அந்தத் தவறு, காலையோ விரலையோ இழக்கும் அளவுக்குக் கொண்டுபோய் விடக்கூடியது என்பதால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

முதலில் அடிப்படை. பெரும்பாலான பாக்டீரியாக்கள் தமக்கு வேண்டிய ஹீம் என்ற பொருளைத் தயாரிக்கும்போது இடையில் பார்ஃபைரின்கள் என்ற நிறமிகள் உண்டாகின்றன. 405 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஊதா ஒளி பட்டதும் பார்ஃபைரின் அதை உள்வாங்கிக்கொண்டு சிவப்பாக ஒளிரும். நம் தோலிலும் சதையிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் அதே ஒளியில் பச்சையாக ஒளிரும். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற கிருமி மட்டும் பயோவெர்டின் என்ற நிறமியைச் சுரப்பதால் நீலப்பச்சையாக, அடர்த்தியாக இருக்கும் இடத்தில் நடுவே ஏறக்குறைய வெள்ளையாகத் தெரியும். கேமராவின் முன்னுள்ள வடிகட்டி, புண்ணில் பட்டுத் திரும்பும் ஊதா ஒளியைத் தடுத்துவிட்டு இந்த நிறங்களை மட்டும் உள்ளே விடுகிறது. சாயம் ஏற்ற வேண்டாம், ஊசி வேண்டாம், எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சும் இல்லை. ஒரு கிராம் திசுவில் சுமார் 10,000 கிருமிகளுக்கு மேல் இருந்தால் சிவப்பு கண்ணில் படத் தொடங்கும்.

கிருமியை ஒளியால் பார்க்கும் எண்ணம் பழையதுதான். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1903-இல் உருவாக்கிய புறஊதா விளக்கைத் தோல் மருத்துவர்கள் 1925 முதலே பயன்படுத்தி வருகிறார்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் வரும் எரித்ராஸ்மா என்ற தோல் நோய் அந்த விளக்கில் பவளச் சிவப்பாகத் தெரிவதற்கும் காரணம் பார்ஃபைரின்தான். கையடக்கக் கேமராவாகப் புண்ணுக்கென்றே வடிவமைத்த கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் அனுமதி அளித்தது.

இனி, கண்ணுக்குத் தெரியாத கிருமியைத் தேட வேண்டிய அவசியம் என்ன? புதுப் புண்ணில் கிருமி பெருகினால் உடம்பு சும்மா இருக்காது: சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும், சீழ் வைக்கும். நாள்பட்ட புண்ணில் இந்த அறிகுறிகளை நம்பியிருக்க முடியாது. நீரிழிவால் நரம்பு செத்திருந்தால் வலி தெரியாது. ரத்த ஓட்டம் குறைந்த காலில் சிவப்பும் சூடும் வராது. ஸ்டீராய்டு எடுப்பவருக்கு வீக்கமே அடங்கிப்போயிருக்கும். கருமையான தோலில் லேசான சிவப்பு கண்ணில் படுவதே கடினம். போதாக்குறைக்கு, இந்தப் புண்களில் கிருமிகள் பசைபோன்ற ஒரு படலத்தைத் தாமே சுரந்து, கூட்டமாக அதற்குள் வாழ்கின்றன. பயோஃபில்ம் எனப்படும் இந்தப் படலம் நாள்பட்ட புண்களில் 60 விழுக்காட்டிலும் புதுப் புண்களில் வெறும் 6 விழுக்காட்டிலும் இருந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நாள்பட்ட புண்களுக்கான எண்ணிக்கை 78 விழுக்காடாக வந்தது. படலத்துக்குள் இருக்கும் கிருமியை மாத்திரை எளிதில் எட்டுவதில்லை, வெள்ளணுக்களும் எட்டுவதில்லை. புண் ஆறவும் ஆறாது, மோசமாகவும் ஆகாது. வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

அறிகுறியை மட்டும் பார்த்து முடிவுசெய்வது எவ்வளவு தவறிப்போகிறது என்பதற்கு 2021-இல் வெளியான ஓர் ஆய்வின் எண்களைச் சொல்ல வேண்டும். 14 மையங்களில் 350 புண்கள். ஒவ்வொன்றிலும் திசு எடுத்து ஆய்வகத்தில் கிருமிகளை எண்ணிப் பார்த்தார்கள். 287 புண்களில், அதாவது 82 விழுக்காட்டில், கிராமுக்கு 10,000-க்கு மேல் இருந்தன. அறிகுறிகளைக் கொண்டு மட்டும் பார்த்தபோது, இப்படிக் கிருமி மிகுந்த புண்கள் நூற்றில் 15 மட்டுமே பிடிபட்டன. ஊதா ஒளிப் படத்தையும் சேர்த்தபோது அது 61 ஆனது. நான்கு மடங்கு முன்னேற்றம், சந்தேகமில்லை.

ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் வாசகர் அறிய வேண்டும். படத்தைச் சேர்த்த பிறகும் நூற்றில் 39 புண்கள் தப்பிவிட்டன. கிருமி மிகுதியாக இல்லாத புண்ணை ‘இல்லை’ என்று சரியாக ஒதுக்கும் திறனோ 94 விழுக்காட்டிலிருந்து 84-க்குக் குறைந்தது. கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் நிதியில் நடந்த ஆய்வு அது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் வேறு நிதியில், வேறு கைகளில் அதே முடிவு வருகிறதா என்று பார்க்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. நீரிழிவுப் பாதப் புண் உள்ள 56 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஒரு சிறு சோதனையில், படத்தைப் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் 45 விழுக்காட்டினருக்கும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 22 விழுக்காட்டினருக்கும் 12 வாரங்களில் புண் ஆறியது. நம்பிக்கை தரும் எண்தான். 56 பேரை வைத்து இறுதித் தீர்ப்பு எழுத முடியாது.

தப்பிப்போகும் அந்த 39 எவை என்பதுதான் எங்கள் கடிதத்தின் முக்கியமான பகுதி. எல்லாக் கிருமியும் பார்ஃபைரின் உண்டாக்குவதில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ், ஈ.கோலை, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் போன்றவை சிவப்பாகத் தெரியும். ஸ்ட்ரெப்டோகாக்கஸும் என்டெரோகாக்கஸும் தெரியாது. பார்ஃபைரினை உண்டாக்கும் பாதையே அவற்றிடம் இல்லை. மணிக்கணக்கில் தோலுக்கடியில் பரவி, காய்ச்சலும் நடுக்கமும் கொண்டுவரும் செல்லுலைட்டிஸுக்கு முதன்மைக் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். மிக வேகமாகப் பரவும் கிருமி, இந்த ஒளிக்குப் பிடிபடாத கிருமி என்பதை மறக்கவே கூடாது. கால் வீங்கிச் சிவந்து காய்ச்சலோடு வருபவரின் புண்ணைப் படமெடுத்து, ‘சிவப்பு இல்லையே’ என்று திருப்பி அனுப்பினால் அது பெரும் தீங்காக முடியும்.

அடுத்தது ஆழம். ஊதா ஒளி திசுவுக்குள் 1.5 மில்லிமீட்டர் வரைதான் போகும். அதற்குக் கீழே இருக்கும் சீழ்க்கட்டியும், புண்ணிலிருந்து உள்ளே ஓடும் குழிப்பாதையும், எலும்பைப் பிடித்த தொற்றும் இந்தப் படத்தில் வராது. பாதப் புண்ணின் அடியில் எலும்பு தட்டுப்படுகிறதா என்பதைக் கிருமி நீக்கிய மழுங்கிய உலோகக் குச்சியை மெல்ல விட்டுப் பார்க்கும் பழைய சோதனைக்கு இன்றும் மாற்றில்லை. எலும்பில் சந்தேகம் என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியாமல் போகலாம், அப்போது எம்ஆர்ஐ.

மூன்றாவது ரத்தம். ஊதா ஒளியை ரத்தம் நன்றாக விழுங்கிவிடும். ரத்தம் படிந்த இடம் படத்தில் கருப்பாக இருக்கும். அதற்கடியில் என்ன இருந்தாலும் தெரியாது.

இனி, படம் எடுக்கும் முறை. கருவி நன்றாக இருந்தும் படம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

கட்டைப் பிரித்ததும் அந்தக் கட்டையே முதலில் பாருங்கள்: எவ்வளவு நனைந்திருக்கிறது, என்ன நிறம், என்ன வாடை. பிறகு சலைன் எனப்படும் உப்புநீரில் நனைத்த காஸ் துணியால் புண்ணையும் சுற்றியுள்ள தோலையும் மெதுவாகத் துடைத்து, பழைய களிம்பு, கட்டின் இழை, உறைந்த ரத்தம், வழியும் நீர் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். சில களிம்புகள் தாமே ஒளிரும். துணி இழைகள் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். அயோடின் கறை ஒளியை மறைத்துவிடும். துடைத்த பின் ஒற்றி ஈரம் எடுங்கள். ஈரப் பரப்பு பளபளத்துப் படத்தைக் கெடுக்கும். இந்தக் கட்டத்தில் கிருமிநாசினி ஊற்றக் கூடாது. பிறகு கல்ச்சருக்கு, அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, மாதிரி எடுக்க வேண்டி வந்தால் அது வீணாகிவிடும்.

முதலில் சாதாரண வெளிச்சத்தில் ஒரு படம், அளவுகோல் ஒட்டியைப் பக்கத்தில் வைத்து. இது இல்லாமல் ஊதா ஒளிப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நிறம் எந்த இடம் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்து அறையை இருட்டாக்க வேண்டும். விளக்கை அணைப்பது போதாது. சன்னல் இடுக்கு, கதவின் கீழ்விளிம்பு, கணினித் திரை, கைபேசி, சுவரில் மினுங்கும் சிறு விளக்கு வரை எல்லாமே பார்ஃபைரினின் மங்கலான சிவப்பை அடித்துச் சென்றுவிடும். அறையை முழுதாக இருட்டாக்க முடியாத இடத்தில், கருவியோடு இணைத்துப் புண்ணைச் சுற்றி மூடும் கருப்பு உறையைப் பயன்படுத்தலாம். அதை ஒருவருக்குப் பயன்படுத்தியதும் எறிந்துவிட வேண்டும். அடுத்தவருக்குப் போட்டால் ஒருவர் புண்ணின் கிருமியை இன்னொருவருக்குக் கொண்டுபோன கதைதான்.

கேமராவைப் புண்ணுக்கு நேராக, 8 முதல் 12 சென்டிமீட்டர் தொலைவில் பிடிக்க வேண்டும். கிட்டே போனால் வெளிறும். தள்ளிப்போனால் சிவப்பு மங்கும். சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் ஒளி விழும். குதிகால், கணுக்கால் போன்ற வளைந்த இடங்களில் ஒரே படத்தில் முடிக்கப் பார்க்காமல் இரண்டு மூன்று கோணங்களில் எடுங்கள். புண் மட்டும் அல்ல, அதைச் சுற்றி 2 சென்டிமீட்டராவது நல்ல தோலும் படத்துக்குள் வர வேண்டும். அந்தத் தோலின் பச்சைதான் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவு; கருமையான தோலில் மெலனின் ஊதா ஒளியை விழுங்குவதால் அந்தப் பச்சை சற்று மங்கியே இருக்கும். மேலும், கிருமி புண்ணின் நடுவில் இல்லாமல் விளிம்பிலும், காய்த்துப்போன தோலுக்கு அடியிலும், விளிம்பைத் தாண்டிய தோலிலும் கூடியிருப்பது அடிக்கடி நடக்கிறது. வழக்கமாகத் துடைப்பவர் நடுவையே துடைப்பதால் அந்த இடங்கள் வாரக்கணக்கில் கைபடாமல் தப்பிவிடுகின்றன. எங்கள் கருத்தில் இந்த முறையின் மிகப் பெரிய பயன் இதைக் காட்டிக் கொடுப்பதுதான்.

ஒளியைப் பாய்ச்சியதும் தாமதமின்றிப் படத்தை எடுத்துவிட வேண்டும். ஊதா ஒளி தொடர்ந்து பட்டுக்கொண்டிருந்தால் பார்ஃபைரினின் ஒளிர்வு மெல்லக் குன்றிவிடும். கற்றுக்கொடுக்கிறோம் என்று நான்கு பேர் கூடி நின்று நீண்ட நேரம் ஒளியைக் காட்டிவிட்டு அப்புறம் படம் எடுத்தால், இருந்த சிவப்பும் குறைந்துதான் பதிவாகும். யாருடைய கண்ணிலும் ஒளி நேராகப் படக் கூடாது. முகத்தில் புண் என்றால் நோயாளியின் கண்ணை மூடிவிடுங்கள்.

நிறங்களைப் படிப்பதில் ஏற்படும் குழப்பங்கள் பல. பச்சை என்பது இயல்பான தோல். தசைநாண், எலும்பு, நகம், காய்ந்து தடித்த தோல் ஆகியவை வெளிறிய பச்சையாக, சில நேரம் ஏறக்குறைய வெள்ளையாகப் பளிச்சிடும். இதைச் சூடோமோனாஸ் என்று நினைத்துவிடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. சூடோமோனாஸில் நீலச்சாயல் இருக்கும், ஈரமான இடத்தில் இருக்கும், கட்டில் பச்சைக் கறையும் ஒருவித இனிப்பான வாடையும் பெரும்பாலும் கூடவே இருக்கும். நன்றாக வளரும் புதுச்சதையில் ரத்தக் குழாய்கள் நிறைந்திருப்பதால் அது கருஞ்சிவப்பாக அல்லது கருப்பாகத் தெரியும். இதைக் கிருமியின் சிவப்பு என்று நினைத்துச் சுரண்டினால், ஆறிக்கொண்டிருக்கும் புண்ணை நாமே கெடுத்ததாகும். கிருமியின் சிவப்பு தணல்போல உள்ளிருந்து ஒளிர்வது. ரத்தத்தின் கருஞ்சிவப்பு ஒளியில்லாத இருட்டு. சற்று ஆழத்தில் கிருமி இருந்தால் மேலுள்ள திசுவின் பச்சையும் கலந்து இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ தெரியும். முகத்திலும் மூக்கோரத்திலும் புள்ளி புள்ளியாகச் சிவப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம். எண்ணெய்ச் சுரப்பிகளில் இயல்பாகவே வாழும் கிருமியின் வேலை அது. எந்த நிறமானாலும் பக்கத்தில் சாதாரண வெளிச்சப் படத்தை வைத்துக்கொண்டுதான் முடிவு சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இருவர் தனித்தனியே படித்து, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

சரி, சிவப்பு தெரிந்துவிட்டது. அடுத்து என்ன? மாத்திரைச் சீட்டு அல்ல. அந்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். முதலில் சலைன் காஸால் சிவப்பு தெரிந்த இடத்தையே குறிவைத்து அழுத்தித் துடையுங்கள். மீண்டும் படம் எடுங்கள். சிவப்பு போயிருந்தால் அது மேற்பரப்பில் இருந்த கிருமி. போகவில்லை என்றால் மஞ்சள் படலத்தையும் செத்த திசுவையும் விளிம்பில் தடித்த தோலையும் கியூரெட் எனப்படும் சுரண்டும் கருவியாலோ கத்தியாலோ எடுக்க வேண்டியிருக்கும். இது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. எடுத்ததும் ரத்தம் கசியும். காஸை வைத்து அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்ற பிறகே அடுத்த படம். அவசரப்பட்டு எடுத்தால் ரத்தத்தின் கருப்பைப் பார்த்து ‘கிருமி எல்லாம் போய்விட்டது’ என்று ஏமாந்துபோவோம்.

சுத்தம் செய்த கையோடு கிருமிநாசினிக் கட்டு போட வேண்டும். ஏனென்றால் கலைக்கப்பட்ட பயோஃபில்ம் ஓரிரு நாட்களிலேயே மறுபடி கட்டிக்கொள்கிறது. முதல் 24 முதல் 48 மணி நேரம்தான் கிருமி மருந்துக்கு அடங்கும் நேரம். இன்று சுரண்டிவிட்டு மூன்று நாள் கழித்துக் கிருமிநாசினி போடுவதில் பலன் குறைவு. அப்படித் தொடங்கிய கிருமிநாசினிக் கட்டை இரண்டு வாரத்தில் திரும்பப் பரிசீலிக்க வேண்டும். மாற்றமே இல்லை என்றால் அதையே தொடராமல் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

சுரண்டவே கூடாத புண்களும் உண்டு. ரத்த ஓட்டம் மிகக் குறைந்த காலில், காய்ந்து கறுத்திருக்கும் பகுதியில், ரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் கத்தி வைக்கக் கூடாது; புண் பெரிதாகும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டு வரும் எண் 0.9-க்குக் கீழ் இருந்தால் தமனி நோய் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகி அந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டலாம் என்பதால் கால்விரலின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். பயோடெர்மா காங்கிரினோசம் என்றொரு நோய். ஊதா நிற விளிம்போடு, தாங்க முடியாத வலியோடு வேகமாகப் பெரிதாகும் புண். அதைச் சுரண்டினால் இன்னும் வேகமாகப் பரவும். படத்தில் சிவப்பு தெரிகிறது என்பதற்காக அதில் கை வைத்துவிடக் கூடாது. பல மாதமாக ஆறாமல் விளிம்பு தடித்து மேலெழும்பிய புண்ணில் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம். அதற்கு வேண்டியது பயாப்சி.

ஆன்டிபயாட்டிக் எப்போது? தொற்று என்பதை நோயாளியின் அறிகுறிகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்று நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. தொற்றின் அறிகுறி இல்லாத புண்ணுக்கு, கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டாம் என்பதே அவற்றின் அறிவுரை. சிவப்பு புண்ணின் விளிம்பைத் தாண்டி 2 சென்டிமீட்டருக்கு மேல் பரவுவது, காய்ச்சல், நடுக்கம், எலும்பு தட்டுப்படுவது, திடீரென வலி கூடுவது ஆகியவை மாத்திரைக்கோ ஊசிக்கோ மருத்துவமனைச் சேர்க்கைக்கோ காரணங்கள். (இங்கே நாங்கள் சொல்வது சாதாரண வெளிச்சத்தில் தோல் சிவப்பது, ஊதா ஒளிச் சிவப்பு அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.) கிருமி நிறைந்த புண்கள் நூற்றில் 80 என்றால், கிருமி இருக்கிறது என்பதற்காகவே மாத்திரை எழுதத் தொடங்கினால் ஏறக்குறைய எல்லோருக்கும் எழுத வேண்டியிருக்கும். பயோஃபில்மை அந்த மாத்திரை கலைக்காது. மருந்துக்கு அடங்காத கிருமிகளை மட்டும் வளர்த்துவிடும்.

மாத்திரை தேவைப்படும்போது எந்த மாத்திரை என்று முடிவுசெய்யக் கல்ச்சர் வேண்டும். படம் கிருமியின் பெயரையோ அது எந்த மருந்துக்கு அடங்கும் என்பதையோ சொல்லாது. ஆனால் மாதிரியை எங்கிருந்து எடுப்பது என்பதை மிக நன்றாகச் சொல்லும். பல ஸ்வாப்கள் (பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரிகள்) பயனற்றுப் போவதற்குக் காரணம், மேலே மிதக்கும் சீழையும் செத்த படலத்தையும் தொட்டு எடுப்பதுதான். சலைனால் கழுவிய பிறகு, படத்தில் சிவப்பாகத் தெரிந்த, உயிருள்ள திசு உள்ள இடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவில் ஸ்வாபை அழுத்தி, திசுவின் நீர் கசியும்படி 5 விநாடிகள் சுழற்றி எடுக்க வேண்டும். லெவின் முறை எனப்படுவது இது. முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன் எடுக்க வேண்டும். சுத்தம் செய்யும்போது கிடைக்கும் சிறு திசுத் துண்டை அனுப்பினால் இன்னும் நல்லது.

இவ்வளவும் செய்து, பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்காமல் விட்டால் புண் ஆறாது. சிரைப் புண்ணுக்கு அழுத்தக் கட்டு, நீரிழிவுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு, படுக்கைப் புண்ணுக்குப் புரட்டிப் படுக்க வைத்தல், அடைபட்ட தமனிக்கு ரத்த ஓட்டத்தைச் சீராக்குதல் ஆகியவை முதலில் நடக்க வேண்டும். பாதப் புண்ணின் பரப்பு நான்கு வாரத்தில் பாதியாகக் குறையவில்லை என்றால் அது 12 வாரத்தில் ஆறுவது கடினம். 

வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இணையத்தில் விற்கும் புறஊதா டார்ச்சை வாங்கி, கைபேசியில் படமெடுத்து வீட்டிலேயே கிருமி பார்க்கலாம் என்று சிலர் காணொளி போடுகிறார்கள். அந்த டார்ச்சுகளின் அலைநீளம் வேறாக இருக்கலாம். கைபேசிக் கேமராவில் ஊதாவைத் தடுக்கும் வடிகட்டி இல்லை. படம் முழுக்க ஊதாவும், துணியில் ஒட்டிய சலவைத்தூளின் நீலமும்தான் நிறைந்திருக்கும். சிவப்பு தெரியவில்லை என்று தைரியமாக இருந்துவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கருவி வாங்க நினைக்கும் மருத்துவமனைகள், கருவியின் விலையோடு, இருட்டாக்கக்கூடிய ஓர் இடம், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உறைகளுக்கான தொடர்செலவு, படத்தைப் படிக்கப் பயிற்சி பெற்ற செவிலியர், சிவப்பு தெரிந்த அதே நேரத்தில் சுரண்டிச் சுத்தம் செய்யத் தெரிந்த கை ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காலையில் படம், மூன்று நாள் கழித்துச் சுத்தம் என்ற ஏற்பாட்டில் இந்தக் கருவிக்குச் செலவிடுவது வீண். அந்தப் பணத்தில் பாத அழுத்தத்தைக் குறைக்கும் காலணிகளும் அழுத்தக் கட்டுகளும் வாங்கலாம் என்பதே எங்கள் எண்ணம்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. இந்தப் பொருள் பற்றி மீண்டும் எழுதும்போது ஊதா ஒளிப் படத்தைத் தனியாக வெளியிடாமல், அதே புண்ணின் சாதாரண வெளிச்சப் படத்தையும் அதே அளவில் பக்கத்தில் அச்சிடுங்கள். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பதோடு, ஸ்ட்ரெப்டோகாக்கஸும் எலும்புத் தொற்றும் இந்தப் படத்தில் தெரியாது என்ற ஒரு வரியையும் படத்துக்குக் கீழே சேர்த்துவிடுங்கள். செய்தித்தாள் அச்சில் கருஞ்சிவப்பும் கருப்பும் ஒன்றாகிப்போகும் என்பதால், கிருமி உள்ள இடத்தை அம்புக்குறி போட்டுக் காட்டினால் வாசகருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நாள்பட்ட புண் சிகிச்சையில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள்